காதால் வாங்கும் கருவாடு: ஓர் இணையக் கடையைச் சீர்செய்த குறிப்புகள்

பார்வையில்லாத ஒருவர் சந்தையில் கருவாடு வாங்கும்போது மீனை எடுத்து லேசாக வளைத்துப் பார்ப்பார். விறைப்பாக நின்றால் நன்றாகக் காய்ந்தது, துவண்டால் ஈரம் இருக்கிறது. விரலில் ஒட்டுவதை வைத்து உப்பு போட்டுக் காயவைத்ததா, வெறும் வெயிலில் காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். மீதியை மூக்கு பார்த்துக்கொள்ளும். அதே கடை இணையத்துக்கு வந்ததும், திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் வழியாக அவர் காதில் விழுவது "படம், பட்டன், பட்டன், இணைப்பு, நானூற்று ஐம்பது சாய்கோடு" என்பதுதான். கையால் பார்த்து வாங்கிய சரக்கை அவர் இனிமேல் காதால் வாங்க வேண்டும்; கடை அதற்கு வாய் திறக்கவில்லை.

கீழே உள்ளவை ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்துச் சிறு கடை ஒன்றின் தளத்தைத் திருத்தியபோது எடுத்த குறிப்புகள். விற்கும் சரக்கு: நெத்திலி, காரல், திருக்கைக் கருவாடு, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, முண்டு மிளகாய், கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு, பனையோலைப் பெட்டி, ஓலைக்கூடை. தளம் கட்ட வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்த வூகாமர்ஸ் செருகுநிரல், அதன் மேல் தோற்றத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ஒரு தீம். அளவுகோலாக எடுத்துக்கொண்டது, தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலக வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2, டபுள்-ஏ நிலை. 2023 அக்டோபரில் வெளியானது. இந்தியத் தரமான ஐஎஸ் 17802-உம் இதே குடும்பம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தனியார் சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. இணைய வசதிகளை எட்டுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

தளத்தில் ஒரு வரி நிரலை ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கப்படும் மிதக்கும் பட்டன்கள் உண்டு. கடைக்காரர் முதலில் கேட்டதும் அதைத்தான். வேண்டாம். பெயரில்லாத பட்டனுக்கு என்ன பெயர் என்று அந்த நிரல் ஊகிக்கத்தான் முடியும்; தவிர, ஏற்கெனவே திரைவாசிப்பானோடு வருபவருக்கு அது குறுக்கே நிற்கும் இன்னொரு பெட்டி.

கை வைக்கும் முன் மூன்று சோதனைகள். மவுஸை எடுத்து வைத்துவிட்டு டேப் விசையாலேயே முகப்பிலிருந்து பணம் கட்டும் பக்கம் வரை போவது ஒன்று. 1280 பிக்சல் அகல ஜன்னலை 400 சதவீதம் பெரிதாக்குவது இரண்டாவது. அப்போது பக்கத்துக்கு மிஞ்சும் அகலம் 320 பிக்சல், அதற்குள் பக்கவாட்டில் உருட்டாமல் எல்லாம் படிக்க வர வேண்டும். மூன்றாவது திரைவாசிப்பான். கணினியில் என்விடிஏ இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும், உச்சரிப்பு கரகரப்பாக இருந்தாலும். விண்டோஸில் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற குரல் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் டாக்பேக், அதற்குத் தமிழ்க் குரலைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும். ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிக் கருவிகளையும் ஓட்டலாம், தப்பில்லை. ஆனால் ஆல்ட், அதாவது படத்துக்குப் பதிலாகக் குரல் படிக்கும் விளக்க எழுத்து, இல்லை என்றுதான் அவை சொல்லும். "கருவாடு படம் 3" என்று ஒருவர் ஆல்ட் எழுதி வைத்திருந்தால் பச்சை விளக்கு காட்டிவிட்டுப் போய்விடும்.

மொழி என்ன என்பதைப் பக்கம் சொல்ல வேண்டும்

முதல் கோளாறு ஒற்றைச் சொல்லில் இருந்தது. பக்கத்தின் ஹெச்டிஎம்எல் திறப்புக் குறியில் 'லாங்' என்ற பண்பின் மதிப்பு 'என்', அதாவது ஆங்கிலம். திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலக் குரலிடம் தமிழ் எழுத்தைக் கொடுத்தால் சில குரல்கள் எழுத்தின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லும், சில மொத்தமாகத் தாண்டிப் போகும். பக்கம் நிறைய எழுத்து இருந்தும் காதில் விலை எண் மட்டும் கேட்பது இதனால்தான். வேர்ட்பிரஸில் அமைப்புகள், பொது, தளத்தின் மொழி என்று போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பு 'டிஏ'-வில் தொடங்குவதாக மாறும். மாறவில்லை என்றால் தீமின் தலைப்புக் கோப்பில் யாரோ 'என்' என்று கையால் எழுதி வைத்திருக்கிறார்கள், இங்கே அப்படித்தான். ஆங்கிலத்திலேயே நிற்கும் பத்திகள் இருந்தால், திருப்பியனுப்பும் விதி போல, அந்தப் பத்திக்கு மட்டும் 'லாங்' 'என்' என்று தனியே போட வேண்டும்.

இரண்டாவது கோளாறு தமிழுக்கே உரியது. கடையின் பழைய விலைப்பட்டியலும் கருப்பட்டி பற்றிய இரண்டு பக்கங்களும் டிடிபி மையத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'கருவாடு' என்ற சொல் உள்ளே எஃப், யு, டி, ஹெச், எல். திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். எழுத்துரு இறங்காத போனில் கண் தெரிந்தவருக்கும் அதுதான் தெரியும், தேடுபொறிக்கும் அதுதான். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றியபின் மூன்று இடங்களைச் சரிபார்க்க வேண்டும். நடுவில் உண்மையிலேயே ஆங்கிலத்தில் இருந்த சொற்கள் அர்த்தமில்லாத தமிழாகியிருக்கும். துணைக்காலும் 'ர' எழுத்தும் இடம் மாறி அடிக்கப்பட்டிருந்தால் அந்தத் தவறு அப்படியே வரும். பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் கண் பிடிக்காது, காது உடனே பிடிக்கும். 'கௌ' என்பதை 'கெ'-யும் 'ள'-வும் சேர்த்து அடித்திருந்தால் குரல் 'கெள' என்றே சொல்லும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: 'கொ' என்பதை யூனிகோடில் ஒரே கொம்புக்கால் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் தேடல் பெட்டியில் ஒருவகையில் அடித்தால் மற்றவகையில் சேமித்த பொருள் வராமல் போகலாம். 'தொதல்' தேடிக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் இது. பொருட்பெயர்களைச் சேமிக்கும்போதும் தேடும் சொல்லை வாங்கும்போதும் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரி நிரல் போதும். கூடவே 'நெத்திலி', 'நெத்தலி' இரண்டையும் தேடலுக்குத் தெரியப்படுத்தினோம். குரலால் தேடுகிறவர் ஊர் வழக்கில்தான் சொல்வார்.

விலையும் எடையும் காதில் எப்படி விழுகின்றன

"ரூ.450/-" என்பது கடைச் சிட்டைக்குப் பழகிய எழுத்து. குரல் அதை ரூ, புள்ளி, நானூற்று ஐம்பது, சாய்கோடு, கோடு என்று படிக்கும், அல்லது பாதியை விழுங்கும். "450 ரூபாய்" என்று எழுதினால் எந்தக் குரலும் தடுமாறாது. "1/2 கி" என்பதை 'ஒன்று சாய்கோடு இரண்டு கி' என்று கேட்டவருக்கு அது அரைக் கிலோவா, ஒன்று அல்லது இரண்டு கிலோவா என்று குழப்பம். "500 கிராம்" என்று முழுதாக எழுதுங்கள். "செ.மீ." என்பதை சென்டிமீட்டர் என்று விரியுங்கள். இடம் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

தள்ளுபடி விலை இன்னும் மோசம். பழைய விலையின் மேல் கோடு போட்டுப் புதிய விலையைப் பக்கத்தில் வைப்பது வழக்கம். குறுக்குக்கோட்டைப் பல திரைவாசிப்பான்கள் சொல்வதில்லை. எனவே காதில் "600 450" என்று இரண்டு விலை விழும், எதைக் கட்டுவது என்று தெரியாது. பழைய விலைக்கு முன் "முன்பு" என்றும் புதியதற்கு முன் "இப்போது" என்றும் சேர்த்தால் தீர்ந்தது. கண்ணுக்கு வேண்டாம் என்றால் வேர்ட்பிரஸில் திரைவாசிப்பானுக்கு மட்டும் எழுத்தை வைக்கும் சிஎஸ்எஸ் (தோற்றத்தைத் தீர்மானிக்கும் நிரல்) வகுப்பு இருக்கிறது. 'டிஸ்ப்ளே நன்' போட்டு மறைக்காதீர்கள். அது காதிலிருந்தும் மறைத்துவிடும். இந்தக் கடையில் சொற்களை வெளிப்படையாகவே வைத்தோம். கண் தெரிந்த பெரியவர்களுக்கும் அதுவே தெளிவு.

படத்துக்குப் பதில் சொல்

வாட்ஸ்அப்பில் வந்த போஸ்டரை அப்படியே தளத்தில் ஏற்றுவது கடற்கரைக் கடைகளின் பழக்கம். பொங்கல் சலுகை, விலை, எடை, தொலைபேசி எண் எல்லாம் ஒரு படத்துக்குள். ஆல்ட் காலியாக விட்டால் படம் இருப்பதே தெரியாது. ஆல்ட் பண்பே இல்லை என்றால் சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரை, 'வாட்ஸ்அப் இமேஜ்' தொடங்கித் தேதி நேரம் முழுக்க, படிக்கத் தொடங்கும். போஸ்டரை எடுத்துவிட்டு அதே செய்தியை எழுத்தாகப் போட்டோம். அலங்காரத்துக்கு வைத்த அலைப் படம், பனைமரப் படம் ஆகியவற்றுக்கு ஆல்ட்டை வேண்டுமென்றே காலியாக வைக்க வேண்டும். அங்கே "அழகிய கடற்கரை" என்று எழுதுவது வாங்க வந்தவரின் நேரத்தைத் தின்பது.

பொருட்படங்களுக்கு ஆல்ட் எழுத நல்ல வழி, கல்லாவில் இருப்பவரிடம் போனில் "அது எப்படி இருக்கும்?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வது. "நெத்திலி கருவாடு, தலை நீக்கியது, வெள்ளி நிறம், விரல் நீளம்." "முண்டு மிளகாய், உருண்டை, கருஞ்சிவப்பு, காம்போடு." முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்த விவரம் ஆல்ட்டில் வேண்டாம், கீழே விளக்கத்தில் போகலாம். ஒரே பொருளுக்கு நான்கு படம் இருந்தால் நான்கிலும் ஒரே ஆல்ட் எழுதுவது நான்கு முறை ஒரே வாசலைத் தட்டுவது போல. இரண்டாவது படம் பொட்டலத்தின் பின்பக்கம் என்றால் அதில் அச்சிட்டிருப்பதை எழுதுங்கள்.

ஆனால் கருவாட்டை வாங்க வைப்பது ஆல்ட் அல்ல, படத்தில் யாருக்கும் தெரியாத விவரம். உப்பு எவ்வளவு, மணல் ஒட்டியிருக்குமா, எவ்வளவு காய்ந்தது, எத்தனை முறை கழுவ வேண்டும், குடல் எடுத்ததா, எத்தனை விரல் அகலத் துண்டு. சந்தையில் கை சொல்லும் சேதி இது. பொருள் ஒவ்வொன்றுக்கும் "தொட்டால் எப்படி" என்று ஒரு வரிசை சேர்த்தோம்: "திருக்கை, உப்பிட்டது, அழுத்தினால் கெட்டியாக இருக்கும், மேலே உப்புப் படிவு தெரியும், சமைக்கும் முன் வெந்நீரில் ஊறவைக்கவும்." ஓலைப்பெட்டிக்கு வாய் அகலம், உயரம், மூடி உண்டா, உள்ளே ஓலை ஒற்றையா இரட்டையா. கண் தெரிந்தவர்களும் படத்தைப் பார்த்துப் போன் செய்து கேட்கிற கேள்விகள் இவைதான் என்று கடைக்காரரே சொன்னார். தளத் திருத்தத்தில் அதிக நேரம் பிடித்த வேலை இது, நிரல் எதுவும் இல்லாமல்.

எடையைத் தேர்ந்தெடுப்பதும் கூடையில் போடுவதும்

தீம், எடைத் தெரிவுகளை முனை வளைந்த சதுரங்களாகக் காட்டியது. அவை வெறும் 'டிவ்', அதாவது தன் வேலை என்ன என்று சொல்லாத பெட்டிக் குறி. சுட்டினால் வேலை செய்யும், டேப்பில் அகப்படாது, திரைவாசிப்பானுக்குத் தெரிவு என்றே தெரியாது. 'டிவ்'-வுக்கு டேப்இண்டெக்ஸ், ரோல், விசைக்கான நிரல் என்று ஒட்டுப் போடுவதைவிட, அவற்றைத் தூக்கிவிட்டு உண்மையான ரேடியோ பட்டன்களை வைத்து, 'ஃபீல்டுசெட்'டுக்குள் போட்டு, 'லெஜண்ட்' ஆக "எடை" என்று எழுதுவது பாதி நேரம். அம்புவிசையால் நகர்வது, தேர்ந்ததைச் சொல்வது எல்லாம் உலாவி இலவசமாகத் தரும். தோற்றத்தைச் சிஎஸ்எஸ்ஸில் பழைய சதுரம் போலவே வைத்துக்கொள்ளலாம்.

தீர்ந்துபோன எடை சாம்பல் நிறத்தில் மட்டும் தெரிந்தது. நிறத்தால் மட்டும் சேதி சொல்லக் கூடாது. "500 கிராம், தீர்ந்தது" என்று எழுத்தே இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் இந்தக் கரையில் 'தீர்ந்தது' என்பது எப்போதாவது வரும் சொல் அல்ல. அந்த மாதங்களில் பக்கத்தின் மேலேயே "தடைக்காலம், இந்தச் சரக்கு ஜூன் கடைசியில்" என்று ஒரு வரி வைத்தால், ஒவ்வொரு பொருளாகத் திறந்து கேட்டு ஏமாற வேண்டாம்.

பட்டியல் பக்கத்தில் எல்லாப் பொருளின் கீழும் ஒரே பட்டன், "கூடையில் போடு". என்விடிஏ-வில் பி விசையை அழுத்தி பட்டன் பட்டனாகத் தாவுகிறவர் "கூடையில் போடு, கூடையில் போடு" என்று கோவில் மணி போலக் கேட்டுக்கொண்டே போவார், எதை என்று தெரியாது. பட்டனின் பெயர் "கூடையில் போடு: காரல் கருவாடு, 250 கிராம்" என்று ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சொல் முதலில் வருவது முக்கியம். குரலால் போனை இயக்குகிறவர் கண்ணில் பட்டதைத்தான் சொல்வார். தமிழாக்கிய தீம்களில் ஒரு பொறி: மேலே தெரியும் எழுத்து தமிழாகியிருக்கும், திரைவாசிப்பான் படிக்கும் ஏரியா-லேபிள் என்ற மறைபெயர் மட்டும் ஆங்கிலத்திலேயே 'ஆட் டு கார்ட்' என்று நிற்கும். மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த வரிகளை யாரும் தொடுவதில்லை.

பட்டனை அழுத்தியதும் மேல் மூலையில் கூடைப் படத்தில் '1' என்று வரும். காதுக்கு ஒன்றும் வராது. அழுத்தியவர் மறுபடி அழுத்துவார், மூன்று பொட்டலம் சேரும். இதற்கு 'ரோல் ஸ்டேட்டஸ்' கொண்ட ஒரு பெட்டி வேண்டும். அதில் எழுத்து மாறினால் திரைவாசிப்பான் தானே சொல்லும். வேலை செய்யாமல் போவது இரண்டு காரணத்தால். ஒன்று, பெட்டியையும் எழுத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பக்கத்தில் செருகுவது. பெட்டி பக்கம் திறக்கும்போதே காலியாக இருக்க வேண்டும், எழுத்து பிறகு வர வேண்டும். மற்றது, அதே எழுத்தை இரண்டாம் முறை போடுவது. மாற்றம் இல்லை என்பதால் சத்தம் வராது. முதலில் காலியாக்கி, சுமார் 100 மில்லி நொடி கழித்து நிரப்பினால் வரும். சேதியில் எண்ணிக்கையும் இருக்கட்டும்: "காரல் கருவாடு கூடையில். மொத்தம் 2 பொருள், 610 ரூபாய்."

கூட்டல் கழித்தல் பட்டன்கள் 18 பிக்சல் இருந்தன. 24-க்கு 24 குறைந்தபட்சம். கை நடுங்குபவருக்கு அது போதாது. 44-ஆக்கினோம். கீழ் மூலையில் மிதக்கும் வாட்ஸ்அப் பட்டன், எழுத்தை 200 சதவீதமாக்கியதும் "பணம் கட்டு" பட்டன் மேலேயே ஏறி உட்கார்ந்தது. அதைப் பக்கத்தின் அடிக்கு இறக்கிவிட்டோம்.

நிறம், எழுத்து

சீக்கிரம் முடியும் வேலை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி விகிதம் 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் #999999 என்ற சாம்பல் 2.85 மட்டுமே. #777777 வெறும் 4.48, மயிரிழையில் தோல்வி, #767676 தேறும். நடுப்பகல் வெயிலில் கரையில் நின்று போனைப் பார்ப்பவருக்கு இதுவும் வெளிறும், எனவே #595959 வைத்தோம், 7:1. வாட்ஸ்அப் பச்சையில் வெள்ளை எழுத்து சுமார் 2:1. பட்டனில் எழுத்தைக் கறுப்பாக்குங்கள்.

தமிழுக்கென்று சில. வரி உயரத்தைப் பிக்சலில் கட்டிப்போட்டால் எழுத்தைப் பெரிதாக்கும்போது மேலே 'கீ'-யின் சுழியும் கீழே 'ஞூ' வாலும் வெட்டுப்படும், அலகில்லாமல் 1.6 என்று கொடுங்கள். பட்டனுக்கு நிலையான உயரம் வேண்டாம், குறைந்தபட்ச உயரம் போதும். 'தேர்ந்தெடுங்கள்' என்ற ஒற்றைச் சொல்லே 320 பிக்சலில் பட்டனை உடைத்துக்கொண்டு வெளியே வரும். சாய்வெழுத்து தமிழில் போலிச் சாய்வு, படிக்கச் சிரமம், எடுத்துவிடுங்கள். இரு ஓரமும் சமன்செய்வதும் வேண்டாம். நீளமான தமிழ்ச் சொற்களுக்கிடையே பள்ளம் விழும்.

டேப் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் சட்டத்தைத் தீம் 'அவுட்லைன் நன்' என்று அழித்து வைத்திருந்தது. மூன்று பிக்சல் கறுப்புச் சட்டம், வெளியே இரண்டு பிக்சல் வெள்ளை. எந்தப் பின்னணியிலும் தெரியும். தானாக ஓடும் முகப்புப் படவரிசையை நிறுத்தும் பட்டனோடு வைக்கலாம். நாங்கள் வரிசையையே எடுத்துவிட்டு ஒரு படம் வைத்தோம். யாரும் கேட்கவில்லை.

கல்லா

பணம் கட்டும் பக்கத்தில்தான் ஆட்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் 'பிளேஸ்ஹோல்டர்' எழுத்து பெயர் ஆகாது. தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே நிலையான 'லேபிள்'. முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கி "பெயர்" என்று வைத்தோம். இனிஷியல் போடுகிற ஊரில் கடைசிப் பெயர் எது என்று யோசிக்க வைக்க வேண்டாம். கதவு எண் கட்டாயம் என்று இருந்தது. கடற்கரைக் குப்பங்களில் பாதி வீட்டுக்கு அது இல்லை, ஆட்கள் '0' அடிப்பார்கள். அதை விருப்பமாக்கி "அடையாளம்: சர்ச் பின்புறம், பள்ளிவாசல் எதிரே போன்றவை" என்ற பெட்டியைச் சேர்த்தோம். பெயர், தொலைபேசி, அஞ்சல் குறியீடு, முகவரிப் பெட்டிகளுக்குச் சரியான 'ஆட்டோகம்ப்ளீட்' மதிப்புகளைக் கொடுத்தால் போனே நிரப்பும். ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தட்டுபவருக்கு இது பெரிய மிச்சம்.

பிழைச் சேதி சிவப்பு ஓரமாக மட்டும் வந்தது. இப்போது பக்கத்தின் மேலே பிழைகளின் சுருக்கம், டேப் நிற்கும் இடம் அங்கே போகும், ஒவ்வொன்றும் அந்தப் பெட்டிக்கு இணைப்பு. பெட்டியின் கீழே சேதி. 'ஏரியா-டிஸ்கிரைப்டுபை' மூலம் பெட்டியோடு கட்டப்பட்டது. "தவறான உள்ளீடு" என்று எழுதாதீர்கள். "அஞ்சல் குறியீடு 6 இலக்கம், 5 மட்டும் வந்திருக்கிறது" என்று எழுதுங்கள். தொலைபேசி எண்ணில் இடைவெளியோ +91-ஓ இருந்தால் திட்டாமல் நிரலே நீக்கிக்கொள்ளட்டும்.

ஓடிபிக்கு ஆறு தனிப்பெட்டி வைப்பது அழகுக்கு. டாக்பேக்கில் அது ஆறு பெயரில்லாத பெட்டி, ஒட்டவும் முடியாது. ஒரே பெட்டி, 'ஒன்-டைம்-கோடு' என்ற ஆட்டோகம்ப்ளீட், எண் விசைப்பலகை. 30 நொடிக் கெடு எடுபடாது: குறுஞ்செய்தி வந்ததைக் கேட்டு, செயலி மாறி, எண்ணைக் கேட்டு, திரும்பி வந்து தட்ட அதைவிட அதிகம் ஆகும். திரும்பி வரும்போது பக்கம் புதிதாகத் திறந்தால் முதலிலிருந்து. கெடுவைப் பத்து நிமிடமாக்கி, முடியும் முன் நீட்டிக்கும் பட்டன் வைத்தோம். ஓடிபி குரல் அழைப்பில் மட்டும் வரும் அமைப்பு காதுகேளாதவருக்குப் பூட்டிய கதவு.

யுபிஐ பக்கத்தில் கியூஆர் படம் மட்டும் இருந்தது. கைபேசியில் வாங்குபவர் அதே கைபேசியால் அதைப் படம் பிடிக்க முடியாது, கண் இருந்தாலும். யுபிஐ செயலியைத் திறக்கும் பட்டனும் நகலெடுக்கக்கூடிய யுபிஐ முகவரியும் வேண்டும். கீழே ஓடும் ஐந்து நிமிடக் கடிகாரத்தை யாரோ, எழுத்து மாறும்போதெல்லாம் குரலில் சொல்ல வைக்கும் 'ஏரியா-லைவ்' பெட்டிக்குள் போட்டிருந்தார்கள், நல்ல எண்ணம்தான். விளைவு, "நான்கு நிமிடம் ஐம்பத்தொன்பது, நான்கு நிமிடம் ஐம்பத்தெட்டு" என்று நொடிக்கு ஒருமுறை குரல் எழும்பி மற்ற எல்லாவற்றையும் அமுக்கியது. கடிகாரத்தை அதிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு நிமிடமும் முப்பது நொடியும் மிஞ்சும்போது மட்டும் சொல்ல வைத்தோம்.

தளத்துக்கு வெளியே

ஆர்டர் வந்ததும் போன் செய்து உறுதிப்படுத்துவதும், எடுக்காவிட்டால் ரத்து செய்வதும் கடையின் வழக்கம். காதுகேளாதவர் எத்தனை பேர் இதனால் ரத்தானார்கள் என்று தளத்தின் எந்தக் கணக்கிலும் தெரியாது. பணம் கட்டும் பக்கத்தில் "அழைக்க வேண்டாம், குறுஞ்செய்தி அல்லது வாட்ஸ்அப்பில் எழுதவும்" என்ற தேர்வுப்பெட்டியைச் சேர்த்தோம். அதைத் தேர்ந்தால் பார்சல் முகவரிச் சீட்டிலும் "எழுத்தில் மட்டும்" என்று அச்சாகும். கொண்டுவரும் பையனும் போன் செய்துவிட்டுத் திரும்பிப் போகக் கூடாது. காரணம் கேட்கும் பெட்டி எதுவும் இல்லை. பேச விருப்பமில்லாதவரும் தேர்ந்தெடுக்கட்டும்.

கருவாடு கழுவிச் சமைக்கும் காணொளிக்கு எழுத்துவரி சேர்த்தோம், பேச்சை மட்டுமல்லாமல் "எண்ணெய் பொரியும் சத்தம், இப்போது போடவும்" என்பதையும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் காணொளியில் பதம் சொல்லப்படுகிறது. கண் தெரியாதவருக்குப் பிரச்சினை தலைகீழ்: "இவ்வளவு தண்ணீர்" என்று கையைக் காட்டுவதை "மீன் முங்கும் அளவு தண்ணீர்" என்று பேசிப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

கடைசிச் சோதனைக்குத் திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களைக் கூலி கொடுத்து உட்கார வையுங்கள். ஆள் தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். வழி சொல்லாதீர்கள். "அரைக் கிலோ நெத்திலியும் ஒரு தொதலும் வாங்குங்கள்" என்று வேலையை மட்டும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கே தயங்குகிறார் என்பதுதான் சேதி. இங்கே தயக்கம், யாரும் சந்தேகப்படாத இடத்தில் வந்தது: "கூடை" என்ற சொல். ஓலைக்கூடையும் விற்கிற கடையில் "கூடையைப் பார்" என்ற இணைப்பு பொருட்பட்டியலுக்குப் போகும் என்று நினைத்தார்கள். "வாங்கியவை" என்று மாற்றினால் பணம் கட்டியாயிற்று போலத் தோன்றும். "என் கூடை" என்று வைத்ததும் சரியானது.

திருத்த முடியாமல் நிற்பவை இரண்டு. பணம் கட்டும் நுழைவாயில் நிறுவனத்தின் பக்கம் நம் கையில் இல்லை. அதை நம் பக்கத்துக்குள் காட்டும் 'ஐஃப்ரேம்' என்ற சட்டத்துக்குத் தலைப்புப் பெயர் கொடுப்பதோடு நம் எல்லை முடிகிறது. பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்டும் கூரியர் பக்கம் வரைபடம் மட்டும் காட்டுகிறது. அதற்குப் பதிலாகக் கடையே மூன்று குறுஞ்செய்தி அனுப்புகிறது: கட்டியாயிற்று, கிளம்பியாயிற்று, இன்று வரும்.

பொட்டலம் வீடு சேர்ந்தபின் இன்னொரு சிக்கல். எல்லாம் ஒரே அளவு பாலித்தீன் உறை, எது எது என்று தடவித் தெரியாது. சூட்டில் ஒட்டிய கோட்டுக்கு வெளியே மிஞ்சும் விளிம்பில் கத்தரியால் வெட்டு: 250 கிராமுக்கு ஒன்று, 500-க்கு இரண்டு. கோட்டுக்கு உள்ளே வெட்டினால் காற்று புகுந்து கருவாடு நமத்துவிடும், எனவே விளிம்பு ஒரு சென்டிமீட்டராவது இருக்கும்படி ஒட்ட வேண்டும். மிளகாய்ப் பொட்டலத்துக்கு வெட்டு இல்லை, ரப்பர் பேண்ட். பிரிக்கும் முன்னாலேயே தெரிய வேண்டிய சரக்கு அது. பிரித்த கை பிறகு கண்ணுக்குப் போகும்.